முட்டிக்காக ஒரு காவடி

முனிரத்தினம் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்த முதல் நாளே எங்களுக்குள் சண்டை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சைக்கிள் எப்ப எடுக்கலாம் மேடம்?" என்றார். தையல்கூடப் பிரித்திருக்கவில்லை.

திருத்தணியில் தெருத்தெருவாகச் சைக்கிளில் பூ விற்பவர் அவர். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்து, சென்னையில் கேமரா விட்டுத் தைத்து அனுப்பியிருந்தார்கள். "மோட்டார் வண்டி வாங்கிக்குங்களேன்" என்றேன். "வண்டியில போனா பொம்பளைங்க கூப்புடறதுக்குள்ள தெரு தாண்டிடுவேன் மேடம்" என்றார். தொழில் தெரிந்தவரிடம் நான் என்ன பேச முடியும்?

முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவதில் தொடங்கினோம். "இதுக்கா ஆட்டோ வெச்சு கூட்டியாந்தேன்?" என்று அவர் மனைவி சரோஜா முகம் சுளித்தார். பிறகு ஸ்டாட்டிக் சைக்கிள். முட்டி அதிகம் மடங்காமலிருக்க சீட்டை உயர்த்தி வைத்தேன். "எவ்ளோ மிதிச்சாலும் இங்கயேதான் கீறேன்" என்று புலம்பிக்கொண்டே மிதித்தார். புலம்பினாலும் ஒரு நாள் விட்டதில்லை.

ஒரு காலையில் வாசலில் சைக்கிள் பெல் கேட்டது. முனிரத்தினம் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார், பின்னால் சரோஜா மூச்சிரைக்க ஓடி வந்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது.

"ஆடிக் கிருத்திகைக்கு இவரு காவடி எடுத்துகினு மலைப்படி ஏறணும் மேடம். இவரு திரும்ப சைக்கிள் ஏறணும்னு முருகனுக்கு வேண்டிக்கினேன்" என்றார் சரோஜா.

"படியா? கூடவே கூடாது. மேல வரைக்கும் ரோடு இருக்கு, ஆட்டோல போங்க."

"ஆட்டோல போறதுக்கா வேண்டிக்கினேன்?"

சுவரிலிருந்த முட்டிப் படத்தைக் காட்டி நீளமாகப் பேசினேன். முனிரத்தினம் "ஆங், சரிங்க மேடம்" என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்றுதான் அர்த்தம், சம்மதம் என்று அல்ல.

முனிரத்தினம் காவடியோடு ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது கூட்டம் நெருக்கியதில் ஒரு படியில் கால் திரும்பி முட்டி மடங்கிவிட்டது. தைத்த இடம் பிய்ந்துபோனது. இந்த முறை தைக்க வழியில்லாமல் ஜவ்வில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது நடக்கிறார். சைக்கிள் மிதித்தால் முட்டி வீங்கிவிடுகிறது.

சில மாதம் கழித்துச் சரோஜா கழுத்துவலி என்று வந்தார். பூ கட்டிக் கட்டி வந்த வலி. கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்:

"மேடம், இந்த வருசம் வேணாம், ஒரு ரூபாய மஞ்சத் துணியில முடிஞ்சு வெய்யி, அடுத்த வருசம் ஏறலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பேன். நீங்க கூடவே கூடாதுன்னீங்க. சாமிக்குச் சொன்னத எப்படி விடறது?"

நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான். வேண்டுதலைத் தள்ளிவைக்கக் காசு முடிந்து வைப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. என் அம்மாவின் பூஜை அலமாரியில் இன்றும் ஒன்று தொங்குகிறது. கிளினிக்கில் உட்கார்ந்ததும் அதெல்லாம் என் நினைவுக்கு வரவில்லை.

இப்போது முதல் நாளே சர்க்கரை, பிரஷர் கேட்ட கையோடு வேண்டுதலும் கேட்கிறேன். யாராவது படி என்றால் கூடாது என்பதில்லை, அடுத்த வருஷம் என்கிறேன். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறார்கள்.

முனிரத்தினம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம்தான் பூ வாங்குகிறேன். முழம் தாராளமாகவே போடுகிறார். சைக்கிள் எப்ப எடுக்கலாம் என்று மட்டும் அவர் கேட்பதில்லை.