முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் பட்டு

சலவைக் கடையில் துணியை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பவன் நான். உள்ளே நின்று தேய்ப்பவள் என் மனைவி. ஊரார் துணியெல்லாம் கத்தி மாதிரி மடிப்போடு போகும், அவள் சேலை மட்டும் எப்போதும் கசங்கிக் கிடக்கும். மதியம் இஸ்திரிப் பெட்டி ஆறுகிற அரை மணி நேரம் கதை படிப்பாள். ராஜா ராணி காதல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

போன மாதம் அறுநூறு பக்கத்தில் ஒரு சரித்திரக் காதல் நாவல் கிடைத்தது. நாலே நாளில் முடித்துவிட்டு, நூலகத்து வாசகர் கருத்து நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதிவைத்தாள். என்ன எழுதினாள் என்று என்னிடம் மூச்சு விடவில்லை.

பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை அந்த எழுத்தாளர் அம்மாவே நூலகத்துக்கு வருகிறாராம். அவர் எதிரில் கருத்துகளை வாசிப்பார்களாம். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நான் எழுதினதையும் வாசிப்பாங்கல்ல?" என்று நூறு தடவை கேட்டிருப்பாள்.

அன்றைக்கும் கடை உண்டு. வேலை முடிந்ததும் அப்படியே கிளம்பினாள்.

"இந்தக் கசங்கல் சேலையோடயா? படிச்சவங்க வர்ற இடம்" என்றேன்.

"மாத்த நேரமில்ல, வாங்க."

நூலகர் பதினொரு கருத்துகளை வாசித்தார். அத்தனையும் ஆஹா ஓஹோ. பன்னிரண்டாவதைப் பார்த்துச் சிரித்தார். "இது துணி தேய்க்கிறதப் பத்தி. விட்டுடலாம்."

கூட்டமும் சிரித்தது. என் மனைவி எழுந்துவிட்டாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மா, உங்க கதை எனக்கு உசுரு. ஆனா இளவரசி ஆத்தை நீந்திக் கரையேறினதும் பட்டு பளபளன்னு மின்னுச்சு, இளவரசன் மயங்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. நனைஞ்ச பட்டு மின்னாது. சுருங்கும், தண்ணிக்கறை திட்டுத் திட்டா நிக்கும். இருபது வருஷமா பட்டு தேய்க்கிறேன்."

"கதைதானேம்மா" என்றார் நூலகர்.

"கதைதான் சார். அதான் கேக்குறேன். கசங்கி, கறையோட நின்னிருந்தா அவன் அவளக் காதலிச்சிருக்க மாட்டானா?"

எனக்கு முந்தானையை இழுத்த கை கூசியது.

எழுத்தாளர் பேனாவைத் திறந்தார். "எந்தப் பக்கம்மா?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

புரட்டி, ஓரத்தில் கோடு போட்டார். "காதலிச்சிருப்பான். எனக்குத்தான் அப்படி எழுதத் தோணாமப் போச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைத் தட்டி, "என் பொண்டாட்டி சார்" என்றேன். அவர் கைதட்டிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னேன்.

முடிந்ததும் எழுத்தாளர் அவளை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, என்னைப் படம் எடுக்கச் சொன்னார். அத்தனை நேரம் சிங்கம் மாதிரி பேசியவள் அப்போதுதான் சேலையைக் குனிந்து பார்த்தாள். அவசரமாகக் கையால் நீவிவிட ஆரம்பித்தாள்.

"நீவாத" என்றேன். "அப்படியே நில்லு."