தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படும்

1979ஆம் ஆண்டு நவம்பர் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினம் செல்லும் பேருந்தில், அன்று திருத்திக் கொடுத்த தமிழ் விடைத்தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மழை.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. தமிழ்நாட்டில் அந்த வகுப்பு வந்த முதல் ஆண்டு அது. பாடங்கள் எங்களுக்கு எவ்வளவு புதியவையோ, ஆசிரியைகளுக்கும் அவ்வளவு புதியவை. அவற்றோடு, வெளிமாநில மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கும் நான் படித்துக்கொண்டிருந்தேன். கல்பாக்கத்தில் பணியாற்றிய அப்பாவின் விருப்பம் அது. அதற்கான ஆங்கிலப் பாடங்கள் தில்லியிலிருந்து அஞ்சலில் வரும். விடியற்காலையில் அந்தப் பாடம், பகலில் பள்ளிப் பாடம், பேருந்தில் ஏறியதும் மறுபடியும் அந்தப் பாடம்.

எங்கள் பள்ளியில் அந்தத் தேர்வுக்குப் படித்தவள் நான் ஒருத்திதான். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வகுப்பாசிரியை எல்லோரிடமும் சொல்லியிருந்தார். வீட்டில் நான் நுழைந்தவுடன் வானொலி நின்றுவிடும். அம்மா பாத்திரங்களை ஓசையில்லாமல் அடுக்குவாள். சதுரங்கப்பட்டினத்து மீனவக் குப்பத்திலிருந்து வந்த என் வகுப்புத் தோழி, இரண்டு ஆண்டுகளாகப் பேருந்தில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் சொன்னவள், கடைசி இருக்கைக்கு மாறிவிட்டாள். யாரும் என்மீது கோபம் கொள்ளவில்லை. அன்பினாலேயே எல்லோரும் விலகி நின்றார்கள். அதனால் யாரிடமும் முறையிடவும் வழியில்லை.

அன்று கடைசி இருக்கைக்கு மேல் கூரை ஒழுகியது. வேறு இடமில்லாமல் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சன்னல்களின் தார்ப்பாயை இறக்கிவிட்டிருந்ததால் உள்ளே படிக்கும் அளவுக்கு வெளிச்சமில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"இன்னா டாக்டரம்மா, தமிழ்ல என்னவிடக் கம்மியாமே?"

"ஒரு கட்டுரைக் கேள்விய விட்டுட்டேன்."

"டைம் பத்தலயா?"

"டைம் இருந்தது. சரியா எழுதுவேனான்னு தெரியல. அதான்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் விளக்கினேன். நுழைவுத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைப்பார்கள்; உறுதியாகத் தெரியாததைத் தொடாமல் விடுவதே நல்லது என்று அஞ்சல் பாடங்கள் ஒவ்வொன்றும் வலியுறுத்தும்; பழகிப் பழகி, பள்ளித் தேர்விலும் கை அப்படியே நின்றுவிட்டது.

"அட பேஜாரே! அவன் புடுங்குவான் சரி. நம்ம தமிழ் டீச்சர் இன்னாத்தப் புடுங்கப் போவுது? நாலு பக்கம் கத வுட்டுட்டு வந்தா, பாவம் பொண்ணு கை வலிக்க எழுதிக்கீதுன்னு அஞ்சு மார்க்காவது போட்டிருக்கும்!"

முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகம் மாறிவிட்டது.

"இப்பதான் புரியுது. எங்க அக்கா நிச்சயத்துக்கு உன்னக் கூப்ட்டேனே, வரேன்னு சொன்னியா? வரலன்னாவது சொன்னியா? உம்முனு ஸ்கூலாண்ட பஸ்ஸ விட்டு எறங்கிப் போயிட்ட. அதுலயும் மார்க்கு கொறஞ்சிடும்னு பயந்துட்டியா?"

அப்பா அனுமதிப்பாரா, நிச்சயத்தன்று எத்தனை பாடம் மிச்சமிருக்கும் என்பதெல்லாம் தெரியாததால்தான் அன்று பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்துக்கு எதிரில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

"நாளன்னிக்குக் கல்யாணம். ஒருக்கா கூப்ட்டாச்சு. இன்னொரு தபா கூப்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, குப்பத்து நிறுத்தத்தில் மழையோடு இறங்கி ஓடிவிட்டாள். அவளும் போய்விட்டால், பள்ளியில் என்னோடு சண்டை போடுவதற்குக்கூட ஒருவர் இருக்கமாட்டார் என்று தோன்றியது. அன்றிரவு வீட்டில் சூழ்ந்திருந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது.

அந்த மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று கல்லூரியில் இலக்கியம் படிக்கிறேன்; ஒரு கேள்விக்குப் பத்துப் பக்கம் எழுதவேண்டிய படிப்பு. இப்போதும் பேசுவதற்கு முன் தயங்குகிறேன். ஆனால் தயக்கத்தையே பதிலாக விட்டுவிட்டு எழுந்து போவதில்லை.

அந்தப் பேருந்துச் சண்டைக்கு மறுநாள், சனிக்கிழமை காலை, அஞ்சல் பாடத்தின் மாதிரித் தேர்வு எழுதவேண்டிய நேரத்தில், அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குப்பத்துக்கு நடந்தேன். அவள் வீட்டு வாசலில் ஓலைப்பந்தலின் கீழ் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கல்யாணச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"நீ கூப்பிடல. உள்ள விடுவியான்னும் தெரியல. இருந்தாலும் வந்துட்டேன்," என்றேன்.

அவள் நகர்ந்து இடம்விட்டு, "குந்து. இந்த மொறம் முழுக்க உன்னுது," என்றாள். உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கண் எரிந்தது. சுற்றிலும் பெண்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்து உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததற்காக யாரும் குரலைத் தாழ்த்தவில்லை என்பது, வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதைகளுள் ஒன்றாக இன்றும் என் மனத்தில் இருக்கிறது.