மேக்கப்புக்கு முந்தைய படம்

"இந்த பார்லருக்குப் போகாதீங்க. கல்யாணத்தன்னிக்கு இவங்க போட்ட மேக்கப்பால என் கழுத்துத் தோல் வெள்ளையாகிப் போச்சு. டேவான்ல எல்லார் முன்னாடியும் இவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஒரு ஸ்டார் குடுக்கக்கூட மனசு வரல."

என் கடையைப் பற்றி இணையத்தில் வந்த முதல் ஒற்றை நட்சத்திர விமர்சனம் இது. ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறேன். கீழே புடவைக் கடை, மேலே நான். அந்த விமர்சனத்தில் ஒரே ஒரு வரிதான் உண்மை. டேவான் என்கிற விருந்து மண்டபத்தில் நான் ஒத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பாயான் பாருவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் எஞ்சினியர். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் மேக்கப் போட்டுப் பார்க்க அம்மாவோடு வந்தாள். அவ்வளவு வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. நாற்காலியில் உட்கார்ந்து மேல் பொத்தான்களைக் கழற்றியதும்தான் தெரிந்தது. இடது காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை வரை வெள்ளைத் திட்டுகள்.

"மாப்பிள்ள வீட்டுக்குத் தெரியாது," என்றார் அம்மா. "தாலி ஏறட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம். நீங்க நல்லா மூடிவிடுங்க."

"நானே அவர்கிட்ட சொல்லிடுறேன்னுதான்க்கா சொன்னேன். அம்மா விடல," என்றாள் அவள், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

எந்தப் பெண் வந்தாலும் மேக்கப் போடுவதற்கு முன் ஜன்னல் பக்கம் நிறுத்தி ஒரு படம் எடுப்பேன். எந்த நிறத்தை எங்கே கலக்க வேண்டும் என்று பிறகு பார்த்துக்கொள்ள அது உதவும். அவளையும் எடுத்தேன். விறைத்துப்போய் நின்றாள். "சிரிம்மா, பாஸ்போர்ட்டுக்கா எடுக்குறோம்?" என்றேன். சிரித்தாள்.

கல்யாணம் காலையில் புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் நல்லபடியாக முடிந்தது. சாயங்கால விருந்துக்கு டேவானில் புடவை மாற்ற அவளை அறைக்குக் கூட்டிவந்தேன். நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா ஈரத் துண்டோடு உள்ளே வந்தார். "புள்ள வேர்த்து வழியுதே," என்று சொல்லிக்கொண்டே மருமகளின் கழுத்தைத் துடைத்தார். துண்டு பழுப்பாகியது. கழுத்து வெள்ளையாக வெளியே வந்தது.

"இது என்னா?"

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் நெருங்கி வந்து பார்த்தார்கள். பெண்ணின் அம்மாவுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. "மேக்கப்புதான் சம்பந்தி! காலையில இல்லவே இல்ல. இந்தம்மா என்னத்தையோ பூசிட்டாங்க!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் என்னைக் கெஞ்சின. தாலி கட்டி ஒரு நாள்கூட ஆகவில்லை.

"சில பேரு தோலுக்கு ஒத்துக்காதுங்க," என்றேன். "என் தப்புதான்."

மாப்பிள்ளையின் அம்மா அந்தத் துண்டை என் முகத்தில் விட்டெறிந்தார். "பொழைக்கிறதுக்குப் பொண்ணுங்க மேல ஆசிட் ஊத்துவியா நீ?" பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வந்தவங்க பாக்குறதுக்குள்ள மூடு," என்றார். அவர் கண் முன்னாலேயே, அதே டப்பாக்களிலிருந்து அதே மேக்கப்பை எடுத்து மறுபடி பூசினேன். அது அவருக்கு விசித்திரமாகப் படவில்லை.

விமர்சனத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி செய்தேன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அத்த பக்கத்துல நின்னு எழுத வெச்சாங்கக்கா. மேக்கப்புதான்னா ஊருக்கே தெரியிற மாதிரி எழுது, எழுதலைன்னா நீங்க எல்லாரும் சொன்னது பொய்னு அர்த்தம்னாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா. நேரம் பாத்து அவர்கிட்ட உண்மையச் சொல்லிட்டு நானே அழிச்சிடுறேன்."

"சரிம்மா, பொறுக்குறேன்," என்றேன்.

பதில் போடாமல் இருந்தால் குற்றத்தை ஏற்றதாகிவிடும் என்று கீழே புடவைக் கடைக்காரர் சொன்னார். எழுதி எழுதி அழித்து, கடைசியில் அவளைக் காட்டிக்கொடுக்காத இரண்டு வரிகளைப் போட்டேன். 'உங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறேன். நேரில் பேசலாம், வாருங்கள்.' அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. 'பாத்தீங்களா, மன்னிப்புக் கேக்குது' என்று ஒருவர் தொடங்கினார். என் நாற்காலியில் ஒருநாளும் உட்காராதவர்கள் வந்து ஒரு நட்சத்திரம் போட்டார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒருத்தி, என்னிடம் வந்ததிலிருந்து தன் முடி கொட்டுவதாக எழுதினாள். அவளை நான் பார்த்ததே இல்லை.

பதிவு செய்திருந்த மணப்பெண்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒரு பெண்ணின் அம்மா நேரிலேயே வந்தார். மேசையில் இருந்த ஒவ்வொரு புட்டியையும் திறந்து மோந்து பார்த்தார். கடைசிப் புட்டியை மூடாமலே வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார்.

என் கணவர் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கடையின் இணையப் பக்கத்தை அமைத்துக் கொடுத்தவரும், நான் எடுக்கும் படங்களை அதில் போடுபவரும் அவர்தான். கேன்டீனில் யாரோ அவரிடம், "உங்க வீட்டம்மா மூஞ்சிய எரிக்கிறாங்களாமே," என்று கேட்டிருக்கிறார்கள்.

"கையில போட்டோ இருக்கு. போட்டா முடிஞ்சிச்சு. நீ என்னா சாமியா லா?" என்றார்.

"பொறுக்குறேன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லியிருக்கேன்."

"உன்னப் பத்தி எழுதறப்ப அவ பொறுத்தாளா?"

"அவளே அழிச்சிடுவா. விடுங்க."

அவர் எழுந்து குளிக்கப் போனார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பாயான் பாருவில் ஒரு வீட்டில் வளைகாப்புக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரர்கள் பழைய பழக்கம், அதனால் கூப்பிட்டிருந்தார்கள். பைக்குள் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. கை ஓய்வாக இல்லை. வீட்டுக்கார அம்மாதான் தன் தொலைபேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, இதப் பாருங்க! நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

எங்கள் கடையின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு படம். என் கடை ஜன்னல் ஓரத்தில் அந்தப் பாயான் பாரு எஞ்சினியர் பெண் சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மேலே, 'இது மேக்கப் போடுவதற்கு முன் எடுத்த படம். இப்போது சொல்லுங்கள், யார் பொய் சொல்வது?'

பையிலிருந்து என் தொலைபேசியை எடுத்தேன். விரலெல்லாம் ஃபவுண்டேஷன், திரை வேலை செய்யவில்லை. புடவையில் துடைத்துவிட்டு அந்தப் பதிவை அழித்தேன். அதற்குள் அது யார் யார் தொலைபேசிக்கோ போய்விட்டிருந்தது. கீழே எழுதியவற்றைப் படித்தேன். 'வெண்குஷ்டக்காரியை ஏமாத்தித் தள்ளிவிட்டாங்க.' 'தொட்டா ஒட்டுமா?' 'மாப்பிள்ளை பாவம்.' ஒருத்தி என் கடை முகவரியைக் கேட்டிருந்தாள். இவ்வளவு நன்றாக மறைக்கிறவரை எங்கே பிடிப்பது என்று.

வீட்டுக்குப் போனபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் இப்பிடிப் பண்ணீங்க?"

"நான் போட்டதுல ஒரு வார்த்த பொய் இருக்கா? காட்டு."

அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்.

அந்தப் பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் புக்கிட் மெர்தாஜாம் போனேன். அம்மா கேட்டுக்கு உள்ளே நின்று பூட்டைத் திறக்காமலே சபித்தார். அண்டை வீடுகளில் ஜன்னல் திரைகள் அசைந்தன. பிறகு அவளே வெளியே வந்து அம்மாவை உள்ளே போகச் சொன்னாள். கழுத்து அகலமான பழைய டீ-சட்டை போட்டிருந்தாள். எதையும் மூடியிருக்கவில்லை.

"நான் போடலம்மா. என் வீட்டுக்காரரு எனக்குத் தெரியாம..."

"தெரியும்க்கா. நீங்க போடமாட்டீங்க."

"உன் வீட்டுக்காரர்கிட்ட நான் வந்து பேசவா? உன் மேல தப்பில்லன்னு சொல்றேன்."

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "அவருக்குக் கல்யாணத்தன்னிக்கு ராத்திரியே தெரியும்க்கா. அன்னிக்கே பாத்துட்டாரு. பரவால்ல, எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லாதன்னாரு."

"அப்ப என்னப் பத்தி எழுதறப்ப?"

"பக்கத்துலதான் இருந்தாரு. அம்மா சமாதானமாயிட்டாப் போதும்னாரு. மேக்கப்காரங்கதானே, கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்கன்னாரு."

"நீ என்கிட்ட போன்ல வேற மாதிரி சொன்னியே?"

"உண்மையச் சொல்லியிருந்தா பொறுத்திருப்பீங்களாக்கா?"

இப்போது அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"அவர் ஆபீஸ் குழுவுல அந்தப் படம் வந்திடுச்சு. எனக்கு மட்டும் தெரிஞ்சப்ப ஒன்னும் இல்ல, இப்ப எல்லாருக்கும் தெரியும், உன்கூட எப்பிடி வெளிய வர்றதுன்னு கேக்குறாரு. ரொம்ப மாலுவா இருக்காம்." வெட்கக்கேடு என்பதற்கு மலாயில் நாங்கள் எல்லாரும் சொல்லும் அந்தச் சொல்லை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள். "நான் எழுதினத அழிச்சிட்டேன். நீங்க போங்கக்கா, அம்மாவுக்குப் பிரஷர் ஏறும்."

கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மன்னிப்புக் கேட்டு அவளுக்கு அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. அவள் வேலையை விட்டுவிட்டு ஜொகூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவள் கணவன் தரப்பிலிருந்து என்னிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கடையில் கூட்டம் முன்னைவிட அதிகம். ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களில் சிலர் தாங்களே அதை மாற்றி ஐந்து போட்டார்கள். 'நல்ல வேளை, அந்தப் பொய்க்காரியின் தோல் வெளுத்துவிட்டது' என்று ஒருவர் எழுதி, பக்கத்தில் சிரிக்கும் முகம் போட்டிருக்கிறார். 'நோயை மறைத்தவளை அம்பலப்படுத்திய தைரியசாலி' என்று இன்னொருவர் என்னைப் பாராட்டுகிறார். கணவர் இவற்றைத் தம் நண்பர்களுக்கு அனுப்புகிறார். நான் ஒவ்வொன்றையும் நியாயமற்ற விமர்சனம் என்று புகார் செய்தேன். அவற்றில் விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. நானாகக் கீழே பதில் எழுதி அவளுக்காகப் பேசலாம்தான். அப்படிப் பேசினால் அவள் கதை மறுபடி மேலே ஏறும். அதனால் எழுதவில்லை.

போன வாரம் ஒரு மணப்பெண் வந்தாள். கலகலப்பானவள். பாதிக் கண் மை முடிந்திருந்தபோது, "அக்கா, அந்தப் பொண்ணு போட்டோ இன்னும் உங்க போன்ல இருக்கா? அழிக்கறதுக்கு முன்னாடி நான் பாக்காம விட்டுட்டேன். காட்டுங்களேன்," என்றாள். கூட வந்த தோழிகள் சிரித்துக்கொண்டே எழுந்து என் நாற்காலி அருகே வந்தார்கள்.

"கண்ண அசைக்காதம்மா, மேல பாரு," என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணுக்கு மை எடுத்தேன்.