வாட்டு மாடியில் காய்ந்த காப்பிப் பழம்

டீமேக்கர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். எஸ்டேட் ஆபீசு முற்றத்தில், மேனேஜர் துரை கேட்டபோது, என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னீர்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. சித்திரபுரத்துக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட். நான் கொழுந்து எடுத்தேன். அவருக்கு ஃபேக்டரியில், வாட்டு மாடியில் வேலை. பறித்த கொழுந்தைத் தட்டுகளில் பரப்பி, விசிறிக் காற்றில் வதங்க விடுகிற மாடி அது. நீங்கள் அவருக்கு மேலே. தேயிலையின் பக்குவத்துக்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.

வருஷம் முழுக்க நாங்கள் குடித்தது எஸ்டேட் கொடுத்த தேயிலைத் தூள். அதையே பறித்து, அதையே அரைத்து, அதையே குடித்துச் சலித்துப்போயிருந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால், ஓடை ஓரமாக, ஆளுக்குச் சில காப்பிச் செடிகள் இருந்தன. தை மாதம் முதல் ஞாயிறு எங்களுக்குக் காப்பி நாள். எல்லா வீட்டுப் பழத்தையும் ஒன்றாகக் காயவைத்து, குத்தி, வறுத்து, ஒரே அண்டாவில் போடுவோம். சாமி கிடையாது, பூசை கிடையாது. அண்டா காலியாகிறவரை குடிப்பதுதான் விசேஷம். அன்றைக்கு எவர் வீட்டிலாவது தேயிலை கொதித்தால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

வறுப்பது மட்டும் ஓடைக்கு அந்தப் பக்கம். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். தூள் சலிக்கிற அறைப் பெண்கள் மல்லிகைப்பூ வைக்கக் கூடாது. ஃபேக்டரிப் பக்கம் கருவாடு போகக் கூடாது. லயத்துக் குழந்தைக்கும் இது தெரியும்.

அந்த வருஷம் மார்கழியிலும் மழை விடவில்லை. பழம் சாக்கில் கிடந்து பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தது. நீங்கள் பாலக்காட்டுக்காரர், காப்பிக்கு உயிரை விடுகிறவர். நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தபோது மாடிக்கு வந்தீர்கள்.

"என்னடா, இந்தத் தடவை காப்பி உண்டா, இல்லையா?"

"மழ விட்டாத்தானய்யா. பழம் காயவே மாட்டேங்குது."

"இங்க ஒரு மூலையில பரப்பிவிடு. காத்து சும்மாதானே போறது."

"வாட ஏறிருமேய்யா."

"வறுக்காத கொட்டைக்கு ஏதுடா வாடை? சாரமில்ல, பரவாயில்ல. நான் இருக்கேன்."

அவர் நம்பிப் பரப்பினார். நானும் நம்பினேன். வறுத்தால்தான் காப்பி மணக்கும் என்று லயமே நினைத்திருந்தது. வெட்டவெளி வெயிலில் காய்கிற பழத்தைக் குனிந்து மோந்து பார்த்தவர் யார்? அந்த வாரம் முழுக்க நீங்கள் மாடிப் பக்கம் ஏறவே இல்லை.

காப்பி நாள் நன்றாகவே நடந்தது. நீங்களே டம்ளரோடு லயத்துக்கு இறங்கி வந்தீர்கள்.

"டீமேக்கரே தேயிலய விட்டுட்டு ஓடியாந்துட்டாருடி" என்றாள் என் நாத்தனார்.

"மெல்லச் சொல்லு. துரை காதுல விழுந்தா என் சோத்துல மண்ணு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, டம்ளரை மறுபடியும் நீட்டினீர்கள்.

பிறகு, கொச்சி ஏலத்துக்குத் தேயிலை ருசி பார்க்கிறவர்கள் எங்கள் சரக்கை ஒதுக்கிவிட்டார்கள். புளித்த பழ வாடை அடிக்கிறதாம். துரை மாடிக்கு ஏறினார். ஒரு தட்டின் ஓரத்தில் காப்பித் தோல் ஒட்டியிருந்தது.

முற்றத்தில் எல்லோரையும் நிறுத்தினார்கள். பழத்தை மாடியில் போடச் சொன்னது யார் என்று துரை கேட்டார்.

"டீமேக்கர் ஐயாதான் தொர" என்றார் என் வீட்டுக்காரர்.

"நானா? தேயிலையைப் பத்தி எனக்குத் தெரியாதா? நான் அப்படிச் சொல்லுவேனா?" என்றீர்கள்.

"நானும் கேட்டேன் தொர, சோறு கொண்டுபோனப்ப" என்றேன்.

"புருஷனுக்குப் பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?" துரை வாயைத் திறக்கும் முன்னால் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

மாடியில் மற்றவர்களும் இருந்தார்கள். அவர் பழத்தைப் பரப்பியதைப் பார்த்தார்கள். நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை.

அவரை ஃபேக்டரியிலிருந்து எடுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். மழையும் அட்டைக் கடியுமாகக் கடைசிவரை அதுதான். அது போகட்டும், நாங்கள் எல்லோரும் மலையில்தான் வேலை செய்தோம். போகாதது வேறொன்று. தன் தப்பை மேலே இருப்பவர் தலையில் போட்டவன் என்ற பெயர் லயத்தில் அவருக்கு நின்றுவிட்டது. தொழிலாளர் கூட்டத்தில் அவர் எழுந்து ஒரு வார்த்தை பேசினால், "இதயும் டீமேக்கர்தான் சொன்னாரா வே?" என்று எவனாவது கேட்பான். கூட்டமே சிரிக்கும். அவர் கூட்டத்தில் பேசுவதை நிறுத்தினார். காப்பி குடிப்பதை நிறுத்தவில்லை. காப்பி என்ன செய்தது அவரை?

காப்பி நாள் இன்றும் நடக்கிறது. இப்போது பந்தலும் மைக்கும் உண்டு. வருகிற தையில் முதல் டம்ளரை வாங்க உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். வாருங்கள். அவர் முன்வரிசையில்தான் இருப்பார். என் வீட்டுக்குள் வந்து தனியாகச் சொல்லிவிட்டுப் போகிற வேலை வேண்டாம். அவருக்குக் காது மந்தம், மைக்கிலேயே சொல்லுங்கள். டம்ளரை வாயில் வைப்பதற்கு முன்னால், அன்று சிரித்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: பழத்தை மாடியில் பரப்பச் சொன்னது யார்?