சோதனைச் சாவடியில் ஒரு மணப்பெண்

சமாதானம் முறிந்து, மட்டக்களப்பில் மறுபடியும் ஷெல் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த காலம். வாவிக்கு மேற்கே, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் எங்கள் ஊர். மணப்பெண் அலங்காரம் என் தொழில். அன்று அலங்கரித்த பெண்ணின் மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கம் வரப் பயந்ததால், வாவியின் அக்கரையில், ராணுவத்தின் பக்கம், ஒரு கோயிலில் தாலி கட்டு.

பெண்ணின் வலது கன்னத்தில் ஒரு தழும்பு. சின்ன வயதில் சுடு எண்ணெய் தெறித்தது. அதைக் கண்டாலே ராணுவத்துக்குச் சந்தேகம். எங்கே காயப்பட்டாய் என்று ஒவ்வொரு தடவையும் துருவுவார்கள். இன்றைக்காவது அது யார் கண்ணிலும் படக் கூடாது என்று அவளுடைய அம்மா கெஞ்சினார். கட்டாரிலிருந்து தோழி கொண்டுவந்த பிரைமர் என்னிடம் இருந்தது. அதை முதலில் தடவி மேலே பவுண்டேசன் போட்டால், வியர்வையோ தண்ணீரோ அசைக்காது. பூசி முடித்தபோது தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து இறங்கினோம். சோதனைச் சாவடியில் பெண்களைத் தனி மறைப்புக்குள் அனுப்பினார்கள். உள்ளே நின்ற பெண் சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்தாள், மணப்பெண்ணைப் பார்த்தாள், திரும்பவும் அட்டையைப் பார்த்தாள்.

"இது நீங்க இல்ல."

படத்தில் தழும்பு, முகத்தில் இல்லை. அந்தப் படத்தை நாங்கள் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை.

வேறு ஆளின் அட்டையில் வந்தவள் என்று பிடித்துக்கொண்டு போனால், பிறகு அவளை எங்கே போய்த் தேடுவது? "மேக்கப்தான், கழுவிக் காட்டுறன்" என்று தண்ணீர் வாங்கித் தேய்த்தேன். பாழாய்ப்போன பிரைமர் அசைந்து கொடுக்கவில்லை. வெளியே அம்மா, "என்னகா செய்யிறீங்க உள்ளுக்கு? நேரம் போகுது!" என்று அழும் குரலில் கூப்பிட்டார். சிப்பாய் அதிகாரியை அழைக்க வாசல் பக்கம் திரும்பினாள்.

சட்டென்று புத்தி வேலை செய்தது: தண்ணீருக்கு அசையாத பூச்சு எண்ணெயில் கரையும். "எண்ணெய் இரிக்கா? தலைக்கு வைக்கிற எண்ணெய்!" என்று என் கொண்டையைத் தொட்டுக் காட்டினேன். முறைத்துப் பார்த்தவள், தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

கைக்குட்டையால் துடைக்கத் துடைக்கத் தழும்பு வெளியே வந்தது. ஒரு தழும்பைக் கண்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான். அட்டையைத் திருப்பித் தந்த சிப்பாய், தன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"கல்யாணம்தானே? இருந்து திரும்பப் பூசுங்க."

நான் பெட்டியைத் திறந்தேன். மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் அக்கா. திரும்பி வரக்குள்ளயும் இந்த முகத்தத்தானே தேடுவாங்க."

ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னம் எண்ணெய்ப் பிசுக்கோடு மணவறையில் இருந்தாள். மாப்பிள்ளை ஏனென்று கேட்கவில்லை. அக்கரையிலும் தெருவுக்குத் தெரு சாவடி; அவரும் அவற்றைக் கடந்து வந்தவர்தான்.

இப்போது அங்கே சாவடியும் இல்லை, மிதவையும் இல்லை, பாலம் வந்துவிட்டது. ஆனாலும் பிரைமரைத் தொடுமுன், எதை மறைக்கட்டும், எதை விடட்டும் என்று அம்மாமாரிடம் அல்ல, மணப்பெண்ணிடமே கேட்கிறேன். அந்த முகத்தோடு போய்த் திரும்ப வேண்டியவள் அவள்தானே.