ஒரு குதி கூடிய மெட்டு

"தாடையை வைங்க. நெத்தியை ஒட்டுங்க. கண்ணை நல்லா திறங்க" என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும் கண்ணாடி அக்கா ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவார். முகத்தை இயந்திரத்தில் கொடுத்தவர் எங்கே ஓடுவது? "இந்த மெட்டை எங்கயாவது கேட்டிருக்கீங்களா? தலையை ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க."

கடை சின்னது. சுவர் முழுக்க மூக்குக்கண்ணாடிகள். உள்ளே நுழைந்தால் ஒரு கூட்டமே நம்மை முறைப்பது போலிருக்கும். மாலையில் ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக் கூடத்துக்கு ஏறிவிடுவார். தையல்காரம்மா, வங்கிக் காசாளர், அந்தக் காசாளரின் நாத்தனார் என்று ஆட வரும் பெண்கள் பலவிதம். மேளத்துக்கு அக்காவின் கொழுந்தன். கூடத்து அலமாரியை ஒழித்தபோது கிடைத்த, பெயர் எழுதாத கேசட்டில்தான் அந்த மெட்டு இருந்தது. கேட்டதுமே எல்லோருக்கும் கால் பரபரத்தது. நடுவில் ஓரிடத்தில் தாளம் திடுக்கென்று தாவும். அங்கே எல்லோரும் ஒரு குதி குதிப்பார்கள். அந்தக் குதி அக்கா கண்டுபிடித்தது. குழுவுக்கே அதில்தான் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை நாட்டார் ஆட்ட விழா. "யாரோட ஆட்டம்னு மேடையில சொல்லணும். தெரியலைன்னா இடமில்லை" என்று விழாக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் ஆளாக நின்று அதைச் சொல்லப்போவது அக்கா. கடையின் ஆளுயரக் கண்ணாடி முன் அறிமுகத்தை ஒத்திகை பார்த்தாயிற்று. யாருடையது என்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"நம்ம ஆட்டம்னு அடிச்சு விடுங்க அண்ணி. யாரு வந்து சட்டையைப் பிடிக்கப்போறாங்க?" என்றான் கொழுந்தன்.

"பவர் பார்க்காம கண்ணாடி மாட்டச் சொல்றியா? மேளத்தைத் தட்டுடா."

விசாரிப்பதிலும் தொழில் புத்திதான். "இது சரியா... இல்ல, இது சரியா?" என்று லென்ஸை மாற்றிப்போடுவது போல மெட்டை இரண்டு விதமாக முணுமுணுப்பார். தபால்காரர் கையை விரித்தார். பேருந்து நடத்துநர் அது சோப்பு விளம்பரம் என்று சத்தியமே செய்தார். அதையும் நம்பி சோப்புக் கம்பெனிக்குப் போன் போட்டார் அக்கா.

வெள்ளிக்கிழமை பார்வை சோதிக்க ஒரு நர்ஸ் வந்தாள். அக்கா மெட்டை முணுமுணுத்த மாத்திரத்தில் இயந்திரத்தை விட்டு முகத்தை எடுத்துவிட்டாள்.

"ஐயோ, இது எங்க ஆட்டம்க்கா! மலைக்கு அந்தாண்ட, எங்க பக்கம் வாசலுக்கு வாசல் ஆடுவோம்."

நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடியே காட்டினாள். அலைபோல வழுக்கிக்கொண்டு போனது. குதியைக் காணோம்.

"ஆனா நடுவுல நீங்க ஏன் கல்லு தடுக்கின மாதிரி பாடுறீங்க?"

அக்கா மேசையிலிருந்த கேசட்டை எடுத்தார். அதிலிருந்து நாடாவை மெல்ல இழுத்து, லென்ஸில் கீறல் பார்க்கிற உருப்பெருக்கியை அதன் மேல் வைத்தார். அறுந்த நாடாவை யாரோ நறுவிசாக ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஒட்டில் கொஞ்சம் பாட்டு போய்விட்டிருந்தது. போன துண்டு அந்தப் பெண்ணின் காலில் பத்திரமாக இருந்தது.

மாலையில் அவளையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறி, உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தார்.

"அப்போ இத்தனை நாளும் ஒட்டு டேப்புக்கா குதிச்சோம்?" என்றார் காசாளர். தையல்காரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"குதி இருக்கட்டும் அண்ணி. அதுக்குத்தானே கைதட்டே விழுது" என்று கொழுந்தன் கெஞ்சினான். "பேரை மட்டும் அவங்க பேரா சொல்லிடுங்க."

அக்கா தலையை ஆட்டி மறுத்தார். பிறகு வாசலில் கூச்சத்தோடு நின்ற நர்ஸைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, வரிசையில் தான் நிற்கும் முதல் இடத்தில் நிறுத்தினார். "மேடையிலயும் நீயே சொல்லு" என்றார். கடைசிக்குப் போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, அவள் குதிகால் தெரிகிற மாதிரி சற்று விலகி நின்றார்.