தம்பியின் கிடாரும் என் முருகாவும்

ஜாஸ் ஃபியூஷன் கிடார் வாசிக்கும் என் தம்பி, தன் ஆரம்பகாலக் கச்சேரிகளை இணையத்தில் போடப் போகிறான். இன்று விழுப்புரம் வந்தவன், திண்டிவனம் மண்டபத்தில் அவன் வாசித்தபோது நான் செல்போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினான்.

கிடார் வேகமெடுக்கும் இடமெல்லாம் என் குரல்தான்! "முருகா, புள்ளய கைவுட்றாதப்பா!"

எனக்கு மானமே போனது. "டேய், மொதல்ல அத வெட்டி எடுடா. ஊரே சிரிக்கும்."

"மாட்டேன்க்கா. அன்னிக்கி பாதியிலயே மேடையவுட்டு எறங்கிடலாம்னு இருந்தேன். முன்வரிசையில உன் சத்தம் கேட்டுதான் வாசிச்சி முடிச்சேன்."

வாசித்தவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்க்கப் போகிறானாம்.

அதில் முருகனை முதலில் போடச் சொல்லிவிட்டேன். என் பெயருக்கு எதிரே என்ன வாத்தியம் என்று போடுவது? நீங்களே சொல்லுங்கள்.